கேளுங்கள், சொல்கிறோம்: சூப்பர் ஹீரோ சாகும்போது

கே: சூப்பர்மேன் இறக்கும் 75-ஆம் இதழை மட்டும் தேடிப் படித்தேன். பக்கத்துக்கு ஒரு படம், அடிதடி, அவ்வளவுதான். இதற்கா இத்தனை பேச்சு?

ப: தனியாகப் படித்தால் அப்படித்தான் இருக்கும். 1992 நவம்பரில் வந்த அந்த இதழ், பல இதழ்த் தொடர்களில் நகர்ந்த ஒரு நீண்ட சண்டையின் கடைசிப் படி. அதற்கு முந்தைய மூன்று இதழ்களையும் அருகில் வைத்துப் புரட்டுங்கள். 'அட்வென்ச்சர்ஸ் ஆஃப் சூப்பர்மேன்' 497-இல் பக்கத்துக்கு நான்கு கட்டங்கள். 'ஆக்‌ஷன் காமிக்ஸ்' 684-இல் மூன்று. 'தி மேன் ஆஃப் ஸ்டீல்' 19-இல் இரண்டு. 75-இல் ஒன்றே ஒன்று. கட்டங்கள் குறையக் குறைய அடி ஒவ்வொன்றும் பெரிதாகிறது, நாயகனுக்கு மிச்சமுள்ள நேரம் கரைகிறது. கதை முழுவதும் வேண்டுமென்றால் 'மேன் ஆஃப் ஸ்டீல்' 18, 'ஜஸ்டிஸ் லீக் அமெரிக்கா' 69, 'சூப்பர்மேன்' 74 மூன்றையும் முடித்துவிட்டு இந்த நான்குக்கு வாருங்கள்.

'பேட்மேன் வெர்சஸ் சூப்பர்மேன்' (2016) படத்தில் சூப்பர்மேனை வலுவிழக்கச் செய்யும் கிரிப்டனைட் கல்லாலான ஈட்டி நுழைந்துவிட்டது. காமிக்ஸில் சூப்பர்மேனும் அவரோடு மோதும் அரக்கன் டூம்ஸ்டேவும் வெறுங்கையால் அடித்துக்கொண்டே ஒன்றாகச் சாய்கிறார்கள். எந்தக் கருவியின் துணையும் இல்லாத அந்த முடிவுதான் நெஞ்சில் நிற்கிறது.

கே: அவரைக் கொல்ல வேண்டிய அவசியம் என்ன?

ப: கல்யாணம் தள்ளிப்போனதுதான்! கிளார்க் (சூப்பர்மேனின் சாதாரண வாழ்க்கைப் பெயர்), அவர் காதலி லோயிஸ் திருமணத்தைக் காமிக்ஸ் குழு திட்டமிட்டிருந்தது. அவர்களை வைத்தே ஒரு டிவி தொடர் தயாரானதால் அதை ஒத்திவைத்தார்கள். காலியான இடத்தில் மரணம் வந்து உட்கார்ந்தது. 1993-இல் சூப்பர்மேன் திரும்பினார். திருமணம் 1996-இல், காமிக்ஸிலும் டிவியிலும் ஒரே சமயத்தில் நடந்தது.

கே: ஸ்பைடர்மேனின் காதலி க்வென் ஸ்டேசியைக் கொன்றது வில்லனா, ஸ்பைடர்மேனா?

ப: 'அமேஸிங் ஸ்பைடர்மேன்' 121 (1973). கிரீன் காப்ளின் அவளைப் பாலத்திலிருந்து தள்ளுகிறான். ஸ்பைடர்மேனின் வலை அவள் காலைப் பற்றுகிறது. அந்தக் கட்டத்தில் கழுத்தருகே பாருங்கள்: 'ஸ்னாப்' என்று சின்னதாக ஓர் ஒலிச் சொல். அவசரமாகப் படிப்பவர்கள் தவறவிடும் அளவுக்குச் சின்னது. வேகமாக விழும் உடல் காலில் மட்டும் சட்டென்று நிறுத்தப்பட்டால் தலை நிற்காது, சாட்டை நுனிபோல வெட்டும். 125-ஆம் இதழின் வாசகர் கடிதப் பகுதியில் ஆசிரியர் குழுவே இதை ஒப்புக்கொண்டது. விழுந்த அதிர்ச்சியே அவளைக் கொன்றிருக்கும் என்று கதைக்குள் காப்ளின் சொல்வதை நம்ப வேண்டாம். தள்ளிய குற்றம் அவனுடையது, முறித்தது வலை. காப்பாற்றும் கையே கொல்கிறது என்பதால்தான் இந்த மரணத்தின் வலி இன்னும் ஆறவில்லை.

2014-இல் வந்த 'தி அமேஸிங் ஸ்பைடர்மேன் 2' இதைப் பாலத்திலிருந்து கடிகாரக் கோபுரத்துக்கு மாற்றியது. கடிகாரம் நின்றுபோகும் நேரம் 1:21. இதழ் எண் நினைவிருக்கிறதா?

கே: பேட்மேனின் துணைவன் ராபினை வாசகர்களே வாக்களித்துக் கொன்றார்களாமே?

ப: உண்மை. 1988-இல் இரண்டு தொலைபேசி எண்கள் கொடுத்தார்கள், அழைப்புக்கு 50 சென்ட். சாகட்டும் என்றவை 5,343, வாழட்டும் என்றவை 5,271. வெறும் 72 அழைப்புகளில் போனது ஜேசன் டாட் என்ற இரண்டாவது ராபினின் உயிர். 2005-இல் 'ரெட் ஹூட்' என்ற பெயரில் திரும்பினான்.

கே: செத்தவர் செத்தவராகவே இருந்த ஹீரோ உண்டா?

ப: மார்வெலின் முதல் கேப்டன் மார்வெல், மார்-வெல். 1982-இல் ஜிம் ஸ்டார்லின் எழுதி வரைந்த கிராஃபிக் நாவலில் புற்றுநோயால் இறந்தார். முன்பொரு சண்டையில் சுவாசித்த நச்சுவாயுதான் காரணம். அவருக்குச் சக்தி தந்த கைப்பட்டைகளே நோயை அடக்கிவைத்தன, சிகிச்சையையும் தடுத்தன. அடித்து வீழ்த்த எதிரி இல்லை. நண்பர்கள் கட்டிலைச் சுற்றி நிற்கிறார்கள். பின்னாளில் அங்கங்கே தலைகாட்டினாலும் அந்த மரணத்தை யாரும் நிரந்தரமாக அழிக்கவில்லை. 2019-இல் வந்த 'கேப்டன் மார்வெல்' படத்திலோ மார்-வெல் ஒரு பெண் விஞ்ஞானி, சுட்டுக் கொல்லப்படுகிறார். அதைப் பார்த்தவர்கள் இந்தப் புத்தகத்தையும் ஒருமுறை கையில் எடுக்க வேண்டும்.