அவருக்கா, அவரையா?

அண்ணாச்சிக்கு வணக்கம். நான் மார்த்தாண்டம் பக்கம். ஒரு வாரப் பத்திரிகைக் குறுக்கெழுத்தில் ‘அறிவி (4)’ என்று குறிப்பு. ‘எச்சரி’ என்று போட்டேன். அடுத்த வாரம் ‘விளம்பு’ என்று விடை வந்தது. இரண்டும் நாலு கட்டம்தானே? ஆங்கிலப் புதிருக்கு அலர்ட், அப்ரைஸ், நோட்டிஃபை என்று மனப்பாடம் செய்து வைத்திருக்கிறேன். தமிழுக்கும் அப்படி ஒரு பட்டியல் தருவீர்களா? குறுக்கெழுத்து போட்டால் மறதி வராதாமே? பேனா நல்லதா, பென்சிலா?

ஒரு வாசகி

மக்களே,

மறதியை டாக்டரிடம் கேள். பென்சில்தான், அதில் என்ன சந்தேகம். பட்டியலும் இந்தா: இரண்டு கட்டத்துக்குச் சொல், கூறு, உரை, மொழி, அறை. மூன்றுக்கு அறிவி, தெரிவி, பகர், நவில், சாற்று, செப்பு. நாலுக்கு இயம்பு, விளம்பு. ஐந்துக்கு உணர்த்து, பறைசாற்று. ஆறுக்கு அறிவுறுத்து. இதை உருப்போட்டு வைத்தால் இன்னும் நிறையத் தப்பு செய்வாய், அவ்வளவுதான். எழுத்தை எண்ணி நிரப்புவதற்கு இது ரேஷன் விண்ணப்பம் இல்லை.

குறிப்பு எழுதியவரையும் விடப்போவதில்லை. இயம்பு, விளம்பு இரண்டுக்கும் நாலு கட்டம், இரண்டும் ‘ம்பு’வில் முடிகின்றன. முதல் கட்டத்திலோ இரண்டாவதிலோ ஒரு குறுக்குச் சொல் வெட்டாவிட்டால் ஆளுக்கொரு விடை சரியாகிவிடும். கட்டம் போடும்போதே பார்க்க வேண்டியது இது.

ஆனால் உன் ‘எச்சரி’க்கு அந்தச் சாக்கும் கிடையாது. சில நாட்களாகவே இதைப் பற்றி எழுத நினைத்துக்கொண்டிருந்தேன், உன் கடிதம் வந்தது நல்லதாயிற்று. குறிப்புச் சொல்லை ஒரு வாக்கியத்தில் வை, அதை எடுத்துவிட்டு விடையை அங்கே வை. வாக்கியம் நொண்டக்கூடாது. ‘அவருக்கு அறிவி’ என்கிறோம். ‘அவருக்கு எச்சரி’ என்று யாராவது பேசிக் கேட்டிருக்கிறாயா? ‘அவரை எச்சரி’ என்றுதான் வரும். அறிவி, தெரிவி, உணர்த்து, இயம்பு எல்லாம் ‘கு’ கேட்கிற வினைகள். எச்சரி, கண்டி, இடித்துரை ‘ஐ’ கேட்பவை. சேதியைக் கையில் கொடுத்துவிட்டு வருவது முன்னது. பின்னது ஆளையே பிடித்து நிறுத்துவது. 2017 ஓகிப் புயலுக்குப் பிறகு, மீனவர்களுக்குத் தெரிவிப்பதும் மீனவர்களை எச்சரிப்பதும் ஒன்றல்ல என்று நம் கடற்கரையில் யாருக்கும் பாடம் நடத்த வேண்டியதில்லை.

இதில் இரண்டு இடத்தில் வழுக்கும். வினையை விட்டுப் பெயருக்குப் போனால் வேற்றுமை மாறிவிடும்: ‘அவருக்கு எச்சரிக்கை விடு’. குறிப்பு பெயர்ச்சொல்லாக இருந்தால் ஆறு கட்டத்துக்கு ‘எச்சரிக்கை’, ஏவலாக இருந்தால் நாலு கட்டத்துக்கு ‘எச்சரி’. ஒன்றின் குறிப்பை மற்றதற்குப் போடக்கூடாது. இன்னொன்று ‘அறிவுறுத்து’. கலெக்டர் மக்களுக்கும் அறிவுறுத்துவார், மக்களையும் அறிவுறுத்துவார். தெரிவிப்பதற்கும் எச்சரிப்பதற்கும் நடுவே நிற்கிற சொல், இரண்டு உருபையும் ஏற்கிறது. இந்தச் சொல்லுக்குக் குறிப்பு எழுதுகிறவர் சோம்பேறியாக இருந்தால் தொலைந்தோம். ‘(ஊருக்கு) அறிவி’, ‘(அவரை) உஷார்ப்படுத்து’ என்று அடைப்புக்குள் ஒரு சொல் சேர்த்தால் போதும், பாதிச் சண்டை தீரும். ஏன் செய்யமாட்டேன் என்கிறார்கள் என்பது விளங்கவில்லை.

‘பறை’யை வேண்டுமென்றேதான் பட்டியலில் சேர்க்கவில்லை. ‘சொல்’ என்று குறிப்பு தந்து விடை ‘பறை’ என்றால் சென்னைக்காரர் மேளத்தைத் தேடுவார். நீ களியக்காவிளை தாண்டி நாலு மலையாள வார்த்தை கேட்டு வளர்ந்தவள், உனக்கு உடனே வந்துவிடும். திருத்தணிக்காரருக்கு ‘செப்பு’ அப்படி. தெலுங்குக் காது பாதி வேலையைச் செய்துவிடும். எல்லையோரத்தில் பிறந்ததை ஒரு குறையாக நினைத்து ஆங்கிலப் பட்டியலைக் கட்டிக்கொண்டு அழுகிறாயே! அங்கே அலர்ட் பெயராகவும் வினையாகவும் அடையாகவும் நிற்கும், உருபும் கேட்காது. அந்தப் பழக்கத்தில்தான் இங்கேயும் கண்ணை மூடிக்கொண்டு நிரப்புகிறாய். ஆர்தர் வின் 1913இல் ஆங்கிலத்தில் போட்ட முதல் குறுக்கெழுத்துக் கட்டத்துக்கு உயிர்மெய்யும் தெரியாது, புள்ளியும் தெரியாது. நமக்குத் தெரியும், பயன்படுத்து.

‘எச்சரி’யின் இரண்டாம் கட்டம் ‘ச்’. புள்ளி எழுத்துக்கும் தனிக் கட்டம் என்பதால் அதன் வழியே இறங்குகிற சொல்லிலும் அது ‘ச்’தான், அடுத்த கட்டத்தில் சகர வரிசை தவிர வேறு வராது: பச்சை, அச்சு, மச்சான். எண் போட்ட கட்டம் என்றால் அங்கே ஒரு சொல் தொடங்குகிறது. வலமிருந்து இடம் வந்தாலும் கீழிருந்து மேல் ஏறினாலும் அப்படித்தான். மெய்யில் தமிழ்ச் சொல் தொடங்காது. ‘ச்சீ’ என்று ஒருவர் விடை வைக்காதவரை கவலையில்லை. அந்த இரண்டாம் கட்டத்தில் ஒரு எண் இருந்தால் ‘எச்சரி’யை அப்போதே அழித்துவிடு.