வாசகர் கேள்வி–பதில்: முடிவு தெரிந்த கதை

கேள்வி: ‘தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ கதைக்கு முன்கதையான ‘தி ரிங்ஸ் ஆஃப் பவர்’ தொடரைத் தமிழ் டப்பிங்கில் பார்த்து வருகிறோம். தீய வேந்தன் சௌரான் தோற்பான் என்பதும், மனித இளவரசன் இசில்தூர் அவனது மந்திர மோதிரத்தை அழிக்காமல் தானே வைத்துக்கொள்வான் என்பதும் திரைப்படங்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். பிறகு முன்கதை எதற்கு என்கிறார் என் அண்ணன். — வாசகி, கொழிஞ்சாம்பாறை

பதில்: உங்கள் பாலக்காட்டுப் பகவதி கோயில்களின் கூத்துமாடங்களில் கம்பராமாயணம் தோல்பாவைக்கூத்தாக இரவிரவாக நடக்கிறதே, இராவணன் பிழைத்துவிடுவானோ என்ற ஐயத்திலா அதைக் கேட்கிறார்கள்? (இப்போது கேட்க ஆளே இல்லை என்பது வேறு சேதி.) ஒரு பாட்டைப் பாவையாட்டும் புலவர் எவ்வளவு தூரம் விரித்துரைக்கிறார் என்பதில்தான் சுவை.

முதல் பருவத்தின் இரண்டாம் பகுதியை அண்ணனுக்கு மறுபடி போட்டுக் காட்டுங்கள். மலைக்குள் இருக்கும் குள்ளர் நகரான கசாத்-தூமுக்கு வரும் எல்ஃப் இனத்து எல்ராண்டிடம் குள்ளர் இளவரசன் தூரின் முகம் கொடுத்துப் பேச மறுக்கிறான். இருபது ஆண்டுகளாக நண்பன் எட்டிப் பார்க்கவில்லை. அதற்குள் தூரினுக்குத் திருமணமாகிப் பிள்ளைகளும் பிறந்துவிட்டார்கள். சாவில்லாத எல்ஃபுக்கு இருபது ஆண்டு ஒரு பொருட்டே இல்லை என்பது அப்போதுதான் எல்ராண்டுக்கே உறைக்கிறது. அந்த ஒளி நிறைந்த மண்டபங்கள் பின்னாளில் மோரியா என்னும் பாழிடமாகப் போகின்றன என்று அறிந்தவருக்கே தூரினின் மனைவி டீசாவின் சிரிப்பு மனத்தைப் பிசையும்.

கேள்வி: புத்தகத்தைப் படித்த நண்பர்கள் இத்தொடரைத் திட்டித் தீர்க்கிறார்கள். நியாயம்தானா? — வாசகர், செங்கோட்டை

பதில்: பாதி நியாயம். ‘தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’, ‘தி ஹாபிட்’ ஆகியவற்றின் உரிமையை வைத்துத்தான் அமேசான் இத்தொடரை எடுத்தது. அந்த உலகின் பழங்கால வரலாற்றைச் சொல்லும் ‘சில்மரில்லியன்’ நூல் அதில் அடங்காது. ‘தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ பின்னிணைப்பில் அதன் ஆசிரியர் டோல்கீன் தந்திருக்கும், இத்தொடர் நடக்கும் இரண்டாம் யுகம் பெரும்பாலும் சில பக்க ஆண்டு அட்டவணைதான் என்பதால், அரோந்திர் போன்ற புதிய பாத்திரங்களைப் படைத்ததைக் குற்றம் சொல்ல முடியாது.

காலத்தைச் சுருக்கியதுதான் உறுத்துகிறது. அட்டவணைப்படி சௌரானின் தலைமை மோதிரம் அந்த யுகத்தின் ஏறத்தாழ 1600-ஆம் ஆண்டில் வார்க்கப்படுகிறது. இசில்தூர் பிறப்பதோ 3209-இல். தொடரில் இரண்டும் ஒரே தலைமுறைக்குள் வந்துவிடுகின்றன. இல்லையேல் மனிதப் பாத்திரங்கள் பருவத்துக்குப் பருவம் செத்துக்கொண்டிருப்பார்கள் என்று படைப்பாளர்கள் சொல்லும் காரணத்தை மறுப்பதற்கில்லை. ஆனால் நூமெனோர் தீவு மனிதர்களுக்கு எல்ஃப்களின் சாவின்மைமேல் எழும் பொறாமை, அரசர் பலர் மாறிய நெடுங்காலத்தில் ஊறிய நஞ்சு. எல்ஃப்கள் வந்தால் நம் பிழைப்பு போய்விடும் என்று ஒரு கூட்டம் கூச்சலிடுவதைக் காட்டுவது அதற்கு ஈடாகாது.

கேள்வி: அப்படியானால் ‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ தொடருக்கு முன்கதையான ‘ஹவுஸ் ஆஃப் தி டிராகன்’ மேலா? — வாசகர், கூடலூர்

பதில்: காலக்கணக்கில் என் ஓட்டு அதற்கே. 2018-இல் வந்த மூலநூலே முன்னுக்குப்பின் முரணான சாட்சியங்களைக் கொண்ட வரலாற்று ஏடுபோல எழுதப்பட்டிருப்பதால் நிரப்பிக்கொள்ள இடம் தாராளமாக இருந்தது. முதல் பருவத்தின் நடுவே பத்தாண்டைத் தாண்டி, நாயகி இளவரசி ரெய்னீராவாக நடித்தவரையே துணிந்து மாற்றினார்கள். பிள்ளைகளைத் தூங்க வைத்துவிட்டுப் பாருங்கள்.