நாயா வைத்தியம் பார்க்கும்?

கேள்வி: என் மகளுக்கு 11 வயது. போன வருடம் அவளுடைய அப்பா விபத்தில் இறந்ததிலிருந்து யாரிடமும் சரியாகப் பேசுவதில்லை. கவுன்சலிங் அழைத்துப்போனால் தரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறாள். அடுத்த முறை, பயிற்சி கொடுத்த தன் நாயையும் அறையில் வைத்துக்கொள்ளலாமா என்று கவுன்சலர் கேட்கிறார். "நாயா வைத்தியம் பார்க்கும்?" என்கிறார் மாமியார். எனக்கோ கடித்துவிடுமோ என்று பயம். சம்மதிக்கலாமா? அல்லது வீட்டிலேயே ஒரு நாய்க்குட்டி வாங்கிவிடலாமா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, ஈரோடு

பதில்: சகோதரி, மாமியார் சொல்வது சரிதான். நாய் வைத்தியம் பார்க்காது, கவுன்சலர்தான் பார்ப்பார். நாய்க்கு அங்கே வேறு வேலை.

எதிரில் ஒரு பெரியவர் உட்கார்ந்து, "மனசுல என்னம்மா இருக்கு, சொல்லு" என்று முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தால் துக்கத்தில் இருக்கும் பிள்ளைக்கு எப்படிப் பேச்சு வரும்? நாய் இருந்தால் கண்ணுக்கும் கைக்கும் ஒரு வேலை கிடைக்கிறது. அதன் காதைத் தடவிக்கொண்டே பேசலாம், பேசாமலும் இருக்கலாம். பேசாத நேரமும் சங்கடமாக இருக்காது. விவரமான கவுன்சலர் அங்கிருந்து பிடித்துக்கொள்வார். "இவனுக்கு இடி சத்தம்னா பயம். அப்போ என்ன செய்வான்னு நினைக்கிற?" என்று கேட்பார். நாயைப் பற்றிப் பதில் சொல்கிற பிள்ளை தன் பயத்தையும் அதில் கொஞ்சம் சொல்லிவிடும். இதெல்லாம் தெரியாதவர் அறையில் நாய் இருந்தால் பொழுது நன்றாகப் போகும், அவ்வளவுதான்.

நியூயார்க்கில் குழந்தைகளுக்கான உளவியலாளராக இருந்த போரிஸ் லெவின்சனிடம் ஒரு சிறுவன் குறித்த நேரத்துக்கு முன்பே வந்துவிட்டான். அறையில் இருந்த அவருடைய நாய் ஜிங்கிள்ஸ் ஓடிப்போய் அவனை நக்க, அவன் அதைக் கட்டிக்கொண்டான். முன்பு பார்த்த சிகிச்சைகளில் பலன் கிடைக்காத பையன் அவன். அதன்பிறகு நாயுடன் விளையாடத்தான் வந்தான், போகப்போக லெவின்சனிடமும் பழகினான். 1962-ல் அவர் இதைக் கட்டுரையாக எழுதினார். அந்தக் காலத்தில் சக நிபுணர்களே அவரைக் கேலி செய்தார்கள், ஆக உங்கள் மாமியார் தனி ஆள் இல்லை! உளப்பகுப்பாய்வு என்ற மனநல சிகிச்சை முறையைத் தொடங்கிய சிக்மண்ட் ஃபிராய்டும் ஜோஃபி என்ற தன் சவ் சவ் இன நாயை சிகிச்சை அறையிலேயே வைத்துக்கொண்டவர்தான்.

கடித்துவிடுமோ என்ற பயத்தை வெட்கப்படாமல் கவுன்சலரிடமே கேளுங்கள். வெறிநாய்க்கடி தடுப்பூசி எப்போது போட்டது, குடற்புழு மருந்து கொடுக்கிறார்களா, கால்நடை மருத்துவர் கடைசியாக எப்போது பார்த்தார், இதற்கு முன் குழந்தைகளோடு இருந்திருக்கிறதா? நாயின் தடுப்பூசி அட்டையைக் காட்டச் சொல்லுங்கள். நல்ல கவுன்சலர் கோபித்துக்கொள்ள மாட்டார். தப்பித்தவறி பல்லோ நகமோ பட்டுவிட்டால், தடுப்பூசி போட்ட நாய்தானே என்று விடாமல் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவி, உடனே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

நாய்க்கும் ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என்று ஓர் அளவு உண்டு. அடிக்கடி கொட்டாவி விடுவது, உதட்டை நக்குவது, முகத்தைத் திருப்பிக்கொள்வது எல்லாம் அதற்குப் போதும் என்பதற்கான அடையாளங்கள். அப்போது எழுந்து போக அதற்கு இடம் விடுகிறாரா என்று பாருங்கள். நாயை மதிக்காதவரிடம் பிள்ளையை விட எனக்கு மனம் வராது.

எல்லாவற்றுக்கும் முன்னால் மகளிடம் கேளுங்கள். வேண்டாம் என்றால் வேண்டாம். சரி என்றால், முதல் தடவை நாய் தள்ளியே படுத்திருக்கட்டும். கிட்டே போவதா இல்லையா என்பதை அவளே முடிவு செய்யட்டும். அப்பாவின் சாவை யாரும் அவளைக் கேட்டுக்கொண்டு நடத்தவில்லை, இதிலாவது அவள் சொல்வது நடக்கட்டும்.

நாய்க்குட்டி இப்போது வேண்டாம். குட்டி ராத்திரி முழுக்க அழும், செருப்பைக் கடிக்கும், சமாளிக்க வேண்டியவர் நீங்கள்தான். அது நோயில் விழுந்தால், தொலைந்துபோனால், உங்கள் மகளுக்கு இன்னொரு இழப்பு. கவுன்சலரின் நாய்க்கும் வயதாகும், உடம்புக்கு வரும். ஒருநாள் அது வராவிட்டால் காரணத்தை மறைக்காமல் மகளிடம் சொல்ல வேண்டும் என்று அவரிடம் இப்போதே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.