கைபேசிக்கும் வைரஸ் வருமா?

கணினியைப் போல கைபேசியிலும் வைரஸ் வருமா என்று கேட்டிருக்கிறீர்கள். வரும். 2004-லேயே கேபிர் என்ற புழு (தானே பரவும் தீய நிரல்) சிம்பியன் என்ற பழைய இயங்குதளம் கொண்ட போன்களில் புளூடூத் வழியாகப் பரவியது. அதுவும் பயனரிடம் சம்மதம் கேட்டுத்தான் உள்ளே வந்தது! இன்றும் பெரும்பாலும் கதவைத் திறந்துவிடுவது நாம்தான்.

குறுஞ்செய்தியில் வந்த இணைப்பைத் தொட்டு, ஆண்ட்ராய்டு போனில் ஏபிகே கோப்பை, அதாவது செயலியை நிறுவும் கோப்பை, நிறுவுகிறோம். அந்தச் செயலி, மாற்றுத்திறனாளிகளுக்கு உதவ வைத்திருக்கும் 'அணுகல்தன்மை' (Accessibility) அனுமதியைக் கேட்கும். சரி என்று கொடுத்துவிடுகிறோம். அந்த ஓர் அனுமதி போதும். திரையில் தெரிவதைப் படிக்கும், நமக்குப் பதிலாகப் பொத்தானை அழுத்தும். திரையில் வரும் ஓடிபி-யும் தப்பாது. டார்ச் செயலிக்கு இந்த அனுமதி எதற்கு என்று தயவுசெய்து யோசியுங்கள்.

அப்புறம், பாதுகாப்புப் புதுப்பிப்பு நின்றுபோன பழைய போன், டேப்லெட்டில் வங்கிச் செயலி வேண்டாம்.