தறி ஓடாத தெருவில் வேலையின்மை 3.2 சதவீதமா?

சேலம் அம்மாபேட்டையிலிருந்து கேட்டிருக்கிறீர்கள்: எங்கள் தெருவில் பாதித் தறிகள் ஓடவில்லை, வேலையின்மையோ 3.2 சதவீதம் என்கிறார்களே, எப்படி?

பொய்க்கணக்கு இல்லை, கணக்கின் வரையறை அப்படி. வேலை செய்பவர்களையும், வேலை தேடுபவர்களையும், கிடைத்தால் செய்யத் தயாராக இருப்பவர்களையும் சேர்த்தால் உழைப்பாளர் தொகுப்பு. அதில் வேலை கிடைக்காதவர்கள் நூற்றுக்கு எத்தனை பேர் என்பதே வேலையின்மை விகிதம். தேடிச் சலித்து, இனி வேலையே வேண்டாம் என்று வீட்டில் உட்கார்ந்துவிட்டவர் தொகுப்பிலேயே இல்லை. அவர் விலகினால் விகிதம் குறையத்தான் செய்யும்!

ஏற்காட்டில் காப்பிப் பழம் பறிக்கும் ஒரு பெண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். நவம்பர் முதல் மூன்று மாதம் கூலி. ஜூனில் கணக்கெடுப்பாளர் வருகிறார். ‘வழக்கமான நிலை’ என்ற அளவுகோலில், ஆண்டில் 30 நாள் துணை வேலை இருந்தாலே போதும், அவர் வேலையுள்ளவர். ‘நடப்பு வார நிலை’ கடந்த ஏழு நாட்களை மட்டும் கேட்கும். அந்த வாரம் வேலை தேடியும் கிடைக்காவிட்டால் அவர் வேலையில்லாதவர். ஒரு மணி நேரம் செய்திருந்தால்கூட வேலையுள்ளவர்.

மத்திய அரசின் 2023-24 உழைப்பாளர் கணக்கெடுப்பில் (PLFS) நாடு முழுவதும் 15 வயதும் அதற்கு மேலும் உள்ளோருக்கு முதல் அளவுகோல் காட்டியதுதான் உங்கள் 3.2. இரண்டாவது 4.9.

இன்னொன்று: கணவரின் தறிக்குச் சம்பளமின்றி நூலைத் தாராகச் சுற்றித் தரும் மனைவியும் வேலையுள்ளவரே. எனக்கு உறுத்துவது இதுதான். கையில் காசு வந்ததா என்று இந்த விகிதம் கேட்பதே இல்லை. கூலி விவரம் அதே கணக்கெடுப்பில் வேறு அட்டவணையில் இருக்கிறது, அதையும் புரட்டிப் பாருங்கள்.