டார்ச்சுக்குள் என்ன சிப்? வாசகர் கேள்வியும் மெக்கானிக் பதிலும்

கேள்வி: மல்லி பறிக்க விடியக்காலை மூன்று மணிக்கே தோட்டத்தில் இறங்கிவிடுவோம். நெற்றியில் மாட்டும் டார்ச் கண்ணைக் கூசுகிறதே தவிர, முற்றின மொட்டும் பச்சை மொட்டும் ஒரே மாதிரிதான் தெரிகின்றன. இன்னும் அதிக வாட்ஸில் வாங்கலாமா?
(ஒரு வாசகி, திருமங்கலம் பக்கம்)

பதில்: வேண்டாம்மா. உங்கள் டார்ச்சில் வெளிச்சத்துக்குக் குறைச்சல் இல்லை, நிறத்துக்குத்தான் குறைச்சல். வெள்ளை எல்.இ.டி. என்று நாம் சொல்வது உள்ளுக்குள் நீல எல்.இ.டி.தான். 1993-இல் ஜப்பானின் நிச்சியா கம்பெனியில் ஷூஜி நகமுரா பளிச்சென்று எரியும் நீல எல்.இ.டி.யைக் கொண்டுவந்தார். அந்த நீல எல்.இ.டி.க்காக 2014-இல் அகாசாகி, அமானோ ஆகியோரோடு சேர்ந்து நோபல் பரிசும் வாங்கினார். அதன்மேல் மஞ்சள் பாஸ்பர் என்ற பொடியைப் பூசினால் நீலத்தில் ஒரு பங்கு மஞ்சளாக மாறும். இரண்டும் கலந்து கண்ணுக்கு வெள்ளையாகத் தெரியும். வெளிச்சத்தின் நிறத்தைக் கெல்வினில் சொல்வார்கள், எண் ஏற ஏற நீலம் தூக்கும். மலிவு டார்ச்சுகளில் நீலம் தூக்கலாக, 6500 கெல்வினுக்கு மேலேயே இருக்கும். சிவப்பு பேருக்குத்தான்.

நிறம் எவ்வளவு உண்மையாகத் தெரிகிறது என்பதற்கு சி.ஆர்.ஐ. என்றொரு மதிப்பெண் உண்டு. சூரிய வெளிச்சத்துக்கு 100, சாதா டார்ச்சுக்கு 70 பக்கம். இதிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. எட்டு வெளிர் நிறங்களின் சராசரிதான் இந்த மதிப்பெண். அடர் சிவப்பு அந்தக் கணக்கிலேயே வராது, அதற்குத் தனியாக ஆர்9 என்று ஓர் எண் உண்டு. 80 வாங்கின எல்.இ.டி.கூட ஆர்9-இல் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் நிற்கலாம். ராத்திரி டார்ச் அடித்துப் பார்த்தால் சுங்குடிச் சேலையின் அரக்கு நிறம் செத்துப்போய்த் தெரிவது இதனால்தான்.

உங்கள் வேலைக்கு, டார்ச்சுக்குள் இருக்கிற எல்.இ.டி. சிப்பை எடுத்துவிட்டு நிச்சியா 519ஏ, 4500 கெல்வின், சி.ஆர்.ஐ. 90-க்கு மேல் உள்ளதைப் போடச் சொல்வேன். மொட்டின் பச்சை பச்சையாகவும் வெள்ளை வெள்ளையாகவும் பிரியும். 2700 கெல்வின் வரை இறங்கிவிடாதீர்கள், மொட்டெல்லாம் மஞ்சளடித்துவிடும். 4500-இலேயே நீலம் குறைவதால் முகத்தில் வந்து மோதும் பூச்சிகளும் கொஞ்சம் குறையும். 2013-இல் புவிசார் குறியீடு வாங்கின மதுரை மல்லி இது. பறிக்கிறவர் நெற்றியில் மட்டும் மட்டமான பல்பு எதற்கு? ஒன்று மட்டும் பாருங்கள்: உங்கள் டார்ச்சில் மணி மணியாக ஏழெட்டு சின்ன பல்புகள் இருந்தால் சிப் மாற்ற வழியில்லை. நடுவில் ஒற்றைச் சிப்பும் அதைச் சுற்றிக் கிண்ணம் போல ரிப்ளெக்டரும் இருக்கிற டார்ச்தான் இதற்கு ஆகும்.

கேள்வி: 18650 லித்தியம் பேட்டரி போடும் டார்ச் வைத்திருக்கிறேன். எல்.இ.டி.யை நானே மாற்ற முடியுமா?
(பாலிடெக்னிக் மாணவர், அனுப்பானடி)

பதில்: தாராளமாக மாற்றலாம் தம்பி. முதல் தடவை வெறும் சிப்பை வாங்காதே. வட்டமான செம்புத் தகட்டில் ஏற்கெனவே ஒட்டி வருவதை வாங்கு. தகட்டின் விட்டம் 16 மில்லிமீட்டரா 20-ஆ என்று பழையதை அளந்துகொள். அலுமினியத் தகடும் விற்கிறார்கள். அதில் சிப்புக்கும் உலோகத்துக்கும் நடுவே மின்காப்புப் படலம் இருப்பதால் சூடு இறங்க நேரமாகும். செம்பில் சிப்பின் அடிப்பாகம் நேராக உலோகத்தில் உட்கார்ந்திருப்பதையே தேர்ந்தெடு.

பேட்டரியை வெளியே எடுத்துவிட்டு வேலையைத் தொடங்கு. முன் வளையத்தைத் திருகிக் கழற்று. கண்ணாடி, ரிப்ளெக்டர் வரிசையாக வரும். பிளஸ், மைனஸ் ஒயர் எது எங்கே என்று போனில் ஒரு படம் எடுத்துக்கொள். ஈயத்தை உருக்கி ஒயரைப் பிரி, பழைய தகட்டை எடு, தெர்மல் பேஸ்ட்டை மெல்லிசாகத் தடவிப் புதியதை வை. பேஸ்ட் தடவாமல் விட்டால் சிப் சூட்டில் தீய்ந்துவிடும். ஒயர் வைத்த ஈயம் மேடாக நிற்கக் கூடாது. ரிப்ளெக்டரின் அடிப்பாகம் அதில் இடித்தால் ஷார்ட்தான், லித்தியம் பேட்டரியோடு அந்த விளையாட்டு வேண்டாம். சிப்பைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக் வளையத்தைத் தூக்கிப் போட்டுவிடாதே, அது நடுமையம் பிடிப்பதற்கு மட்டுமல்ல, இந்த ஷார்ட்டைத் தடுக்கவும்தான்.

வோல்ட்டையும் பார். 519ஏ 3 வோல்ட் ஜாதி. எக்ஸ்.எச்.பி.50 போன்றவை 6 வோல்ட், 12 வோல்ட் கேட்கும். உன் டார்ச்சின் டிரைவரோடு, அதாவது எல்.இ.டி.க்கு மின்சாரம் அனுப்பும் சர்க்யூட்டோடு, ஒத்துப்போகாது. பேட்டரியின் மின்சாரத்தைக் கட்டுப்பாடில்லாமல் நேராகத் தள்ளும் டிரைவர் என்றால் சின்ன சிப்பைப் போடாதே. கோபம் வந்தது போல நீலமாக எரிந்து ஒரே நொடியில் போய்விடும்.

தகட்டு வேலை கை வந்த பிறகு வெறும் சிப்புக்குப் போ. சிப்பைப் பற்றவைக்க, பிஸ்மத் கலந்த சால்டர் பேஸ்ட் 138 டிகிரியிலேயே உருகிவிடும், சிப்புக்கு நோகாது. சூடாக்க அடுப்படித் தோசைக்கல்லை மட்டும் எடுத்துவிடாதே. வீட்டில் அம்மா ஒரு பக்கம் இருக்கட்டும், சால்டர் பேஸ்ட் புகை பட்ட கல்லில் அப்புறம் தோசை சுடக் கூடாது.

கேள்வி: கடலைக்காட்டில் பன்றிக் காவல். ஒரு கிலோமீட்டர் அடிக்கும் என்று சொன்ன டார்ச் இருநூறு மீட்டர் தாண்டவில்லை. அதிக லூமன் சிப் போட்டால் தூரம் போகுமா?
(விவசாயி, அழகர்கோவில் அடிவாரம்)

பதில்: போகாது அண்ணே. லூமன் என்பது மொத்த வெளிச்சம். தூரத்துக்குக் கேண்டெலா வேண்டும், அதாவது ஒரே திசையில் குவிகிற வெளிச்சம். 10,000 கேண்டெலா என்றால் கணக்குப்படி 200 மீட்டர். அதுவும் போய்ச் சேருவது நல்ல நிலா வெளிச்சம் அளவுக்குத்தான். 400 மீட்டருக்கு இரண்டு மடங்கு போதாது, 40,000 வேண்டும். பெரிய சிப்பைப் போட்டால் வெளிச்சம் பரவி, பக்கத்து வயல்தான் பளபளக்கும். ஆஸ்ரம் ஒயிட் ஃப்ளாட் மாதிரி மேலே குமிழ் இல்லாத சின்ன சிப்பும் அகலமான ரிப்ளெக்டரும் சேர்ந்தால் தூரம் கிடைக்கும். இங்கே நிறம் பார்க்க வேண்டாம், பன்றி என்ன நிறம் என்று யாரும் கேட்கப்போவதில்லை.

கேள்வி: தாத்தா வைத்திருந்த இரண்டு கட்டை பித்தளை டார்ச்சை எல்.இ.டி.க்கு மாற்றலாமா?
(வாசகர், மேலூர்)

பதில்: வெட்டாமல் கொத்தாமல் மாற்றலாம். பழைய பல்பின் அதே அடிப்பாகத்தோடு எல்.இ.டி. பல்புகள் வருகின்றன. இரண்டு கட்டைக்கு 3 வோல்ட்தான் என்பதால், வோல்ட்டை ஏற்றிக் கொடுக்கும் சர்க்யூட் உள்ளே இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். இல்லாவிட்டால் கட்டை கொஞ்சம் இறங்கினதும் மங்கிவிடும். அலமாரியில் வைக்கும்போது கட்டைகளைக் கழற்றி வையுங்கள், கசிந்தால் பித்தளையை அரித்துவிடும்.