மேப்பிள் தோப்பும் குடும்பமும் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

மார்ச் கடைசியில் கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில், மேப்பிள் மரத்தில் வடியும் இனிப்புச் சாற்றைக் காய்ச்சிப் பாகு எடுக்கும் ஒரு பண்ணைக்குக் குடும்பத்தோடு போயிருந்தோம். தகப்பன், மகன், மருமகள், பள்ளிக்குச் செல்லும் பிள்ளைகள் என்று ஒரே வீட்டார்தான் எல்லா வேலையையும் பார்த்தார்கள். மரத்துக்கு மரம் வாளி தொங்கும் என்று நினைத்துப் போனேன்; காடு முழுக்க நீலக் குழாய்கள், கொட்டகைக்குள் சாற்றிலிருந்து நீரைப் பிரித்தெடுக்கும் பெரிய ஆர்.ஓ. இயந்திரம். இத்தனை இயந்திரங்கள் வந்த பிறகும் இது ஏன் பெருநிறுவனங்களின் கைக்குப் போகாமல் குடும்பத் தொழிலாகவே இருக்கிறது? நம் பனைத்தொழிலைப் போல இதுவும் மெல்ல அழிந்துவிடுமா? காட்டோடு கூடிய நிலம் ஒன்றை வாங்கி இதில் இறங்கலாம் என்று என் மகன் சொல்கிறான். தங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.

க., மார்க்கம்

அன்புள்ள க. அவர்களுக்கு,

பனையின் நினைவு வருவது இயல்புதான். ஆனால் பனையில் பாளை சீவ நாள்தோறும் ஒருவர் மரமேறியாக வேண்டும், ஏற ஆள் இல்லாமற்போனதும் தொழில் சுருங்கியது. மேப்பிளில் ஏறும் வேலையே கிடையாது. நின்றபடி கைக்கெட்டும் உயரத்தில் அடிமரத்தில் நான்கைந்து சென்டிமீட்டர் ஆழத்துக்கு ஒரு துளை. அந்தப் பருவத்துக்கு அதுவே போதும். வாளி சுமக்கும் பாட்டையும் குழாய்கள் எடுத்துக்கொண்டுவிட்டன. உலக உற்பத்தியில் 70 விழுக்காட்டுக்கும் மேல் தருகிற கியூபெக் மாகாணத்தில் 2022ஆம் ஆண்டு மட்டும் 21 கோடி பவுண்டுக்குக் குறையாமல் பாகு காய்ச்சியிருக்கிறார்கள். அழிகிற தொழிலின் கணக்கு அல்ல இது.

குடும்பம் ஏன் விடவில்லை என்ற கேள்விக்கு என் பதில், இந்த வேலைக்கு நேரம் காலம் கிடையாது என்பதுதான். இரவில் உறைநிலைக்குக் கீழே போய்ப் பகலில் அதற்கு மேலே ஏறுகிற நாட்களில்தான் சாறு நன்றாக இறங்கும். அத்தகைய நாட்கள் பிப்ரவரிக் கடைசிக்கும் ஏப்ரலுக்கும் இடையே எப்போது வரும், தொடர்ந்து வருமா, வாரக்கணக்கில் ஏமாற்றுமா என்பதை யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. வந்துவிட்டால் தொட்டி நிரம்பி வழியும், நிரம்பியதை இருப்பு வைக்கவும் முடியாது. ஏனெனில் இரண்டு விழுக்காடு அளவே சர்க்கரை உள்ள அந்த நீரில் நுண்ணுயிர்கள் வேகமாகப் பெருகும், காய்ச்சத் தாமதிக்கத் தாமதிக்கப் பாகு கறுத்துச் சுவையும் மாறும். ஆகவே பிற்பகலில் பெருகிய சாற்றுக்கு நள்ளிரவு தாண்டியும் அடுப்பு எரியும், அடுத்த நான்கு நாட்கள் எல்லோரும் வானத்தைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பார்கள். வருடத்தில் ஆறு வாரம் மட்டும், அதுவும் சொல்லாமல் கொள்ளாமல் வருகிற வேலைக்குச் சம்பள ஆட்களை அமர்த்துவது பெரும்பாலான நிறுவனங்களுக்குக் கட்டுப்படியாகாது. இரவு பதினொரு மணிக்கு மகனை எழுப்பி அடுப்படிக்கு அனுப்பத் தகப்பனால்தான் முடியும். கூலிக்கணக்கில் ஏறாத இந்த உழைப்பை இனிமையான கிராமியக் காட்சியாகக் காட்டும் விளம்பரங்கள் மேல் எனக்குச் சற்று எரிச்சல் உண்டு.

நீங்கள் பார்த்த ஆர்.ஓ. இயந்திரம் பெரிய உதவிதான். ஒரு லிட்டர் பாகுக்கு ஏறக்குறைய 40 லிட்டர் சாறு வேண்டும். இயந்திரம் சர்க்கரையை 8 விழுக்காட்டுக்கு உயர்த்திக் கொடுத்தால் அடுப்புக்கு வருவது 10 லிட்டர் சொச்சமே, எரிபொருளும் அந்த அளவுக்கு மிச்சம். ஆனால் கடைசிப் பதத்துக்குப் பக்கத்தில் ஆள் நின்றே ஆக வேண்டும். நீரின் கொதிநிலையைவிட நான்கு டிகிரி கூடும்போது குமிழிகள் சிறுத்துப் பொன்னிறமாகும், அகன்ற கரண்டியில் அள்ளிச் சாய்த்தால் பாகு சொட்டாமல் விளிம்பில் ஆடையாகத் தொங்கும். நுரை பொங்கினால் துளி வெண்ணெய் போட்டு அடக்குவார்கள். அந்த நேரத்தில் கவனம் பிசகினால் பாகு தீய்ந்துபோவதோடு விலையுயர்ந்த காய்ச்சும் தட்டும் பாழாகும்.

மரத்தின் கணக்கு இன்னும் நீண்டது. துளையிடும் பருமனுக்கு, பாகுக்குப் பெயர்போன சுகர் மேப்பிள் வகை மரம் ஒன்று வளர ஏறத்தாழ 40 ஆண்டுகள் ஆகும். ஒவ்வொரு துளைக்கும் மேலும் கீழுமாகக் கட்டை செத்துக் கறைபடும். அந்த இடத்தை விலக்கித்தான் அடுத்த ஆண்டு துளைக்க வேண்டும், பேராசைப்பட்டு நெருக்கித் துளைத்தால் சாறு குறையும். பேரன் அறுவடை செய்யப்போகும் மரத்தை இன்று பேணுவது காலாண்டு லாபம் பார்ப்பவர்களுக்கு ஒத்துவராது. 1998 ஜனவரியில் கியூபெக்கையும் கிழக்கு ஒன்ராறியோவையும் தாக்கிய பனிக்கட்டி மழையில் எத்தனையோ தோப்புகள் கிளை முறிந்து கிடந்தன. தோப்பு தேறும்வரை காத்திருக்க நிலத்தை விட்டுப் போகாதவர்கள் வேண்டும்.

கியூபெக்கில் வேறொரு காரணமும் உண்டு. அங்கே பீப்பாயில் விற்கும் பாகு முழுவதும் உற்பத்தியாளர் சங்கத்தின் வழியாகவே போக வேண்டும். விலையைச் சங்கமே வாங்குவோருடன் பேசி முடிக்கும், 2004 முதல் பண்ணைக்கு இவ்வளவு என்ற ஒதுக்கீடும் இருக்கிறது. மிகுந்த விளைச்சலைச் சங்கம் கிடங்கில் இருப்பு வைத்து, குறைந்த ஆண்டில் வெளியே விடுகிறது. 2011, 2012 ஆண்டுகளில் அந்த இருப்பிலிருந்து ஏறத்தாழ 3,000 டன் பாகு திருடப்பட்டது உலகச் செய்தியானது. தம் மரத்துப் பாகைத் தாம் விரும்பியவருக்கு விற்க முடியவில்லை என்று கொதிக்கும் குடும்பங்களும் உண்டு. அவர்கள் கோபத்தில் நியாயம் இருக்கிறது. ஆனாலும் விலை சரியும் ஆண்டில் சிறு பண்ணைகளைப் பெரியவர்கள் அள்ளிக்கொண்டு போகாமல் தடுத்தது இந்தக் கட்டுப்பாடுதான் என்றே நினைக்கிறேன்.

ஒன்ராறியோவில் அந்த ஒதுக்கீடு இல்லை, அந்தப் பாதுகாப்பும் இல்லை. விற்பனையைத் தாங்களே பார்க்க வேண்டும். தங்கள் மகன் நிலம் பார்க்கும்போது எத்தனை ஏக்கர் என்று கேட்பதைவிட 25 சென்டிமீட்டர் விட்டம் தாண்டிய சுகர் மேப்பிள் மரங்கள் எத்தனை என்று எண்ணுவது நல்லது. சாறு தானாக வடிந்துவர நிலம் ஒரே பக்கமாகச் சரிந்திருக்கிறதா, கொட்டகை வரைக்கும் மின்சாரமும் மார்ச் சேற்றிலும் வண்டி போகும் பாதையும் இருக்கின்றனவா என்பதையும் பார்க்கச் சொல்லுங்கள். அணில் கடித்த குழாய்களைத் தேடிப் பனியில் நடப்பது பாதி வேலை. அதற்கு மனைவியும் பிள்ளைகளும் மனமுவந்து வருவார்களா என்று அவர்களிடமே கேட்கட்டும். வாங்குவதற்கு முன் ஒரு பருவம் முழுவதும் வேறொருவர் தோப்பில் கூலிக்கு நிற்பாரானால், நான் சொல்வதைவிட அதிகமாக அவருக்கே தெரிந்துவிடும்.

அன்புடன்.